இபாஷோ: ஒரு சோற்று உருண்டைக்கு இடம் கிடைத்த கதை

ஜப்பானில் சின்னப் பிள்ளைகள் விளையாடும் ஒரு விளையாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு பழத்தின் பெயர் வைப்பார்கள். ஒருவருக்கு மட்டும் நாற்காலி கிடையாது, அவர் நடுவில் நிற்பார். அவர் 'ஆப்பிள்' என்று கத்தினால் ஆப்பிள் பெயர் வாங்கியவர்கள் எல்லாம் எழுந்து ஓடி வேறு நாற்காலியைப் பிடிக்க வேண்டும், அந்தக் களேபரத்தில் நடுவில் நின்றவரும் ஒன்றைப் பிடித்துவிடுவார், இடம் கிடைக்காமல் முழிப்பவர் அடுத்து நடுவில். கிட்டத்தட்ட நம் மியூசிக்கல் சேர்தான், பாட்டு மட்டும் கிடையாது. இந்த விளையாட்டுக்குப் பெயர் ஃப்ரூட்ஸ் பாஸ்கெட், அதாவது பழக்கூடை.

இதே பெயரில் ஒரு மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, உண்டு. அதன் நாயகி தோரு ஹோண்டா சின்ன வயதில் இதை விளையாடியதை நினைத்துப் பார்க்கிறாள். எல்லோருக்கும் பழத்தின் பெயர் வைத்த பிள்ளைகள் அவளுக்கு மட்டும் 'ஓனிகிரி' என்று வைத்துவிட்டார்கள். ஓனிகிரி என்றால் சோற்று உருண்டை. உப்புத் தொட்ட கையால் சோற்றை அழுத்திப் பிடித்து, கடற்பாசித் தாளைச் சுற்றித் தருவார்கள், அங்கே ரயிலிலும் பள்ளியிலும் அதுதான் கட்டுச்சோறு. பழக்கூடையில் சோற்று உருண்டைக்கு என்ன வேலை? வேண்டுமென்றே செய்த குறும்பு, குறும்பு என்றும் சொல்ல முடியாது, கொஞ்சம் விஷம். ஆனால் தோருவுக்கு அது உறைக்கவில்லை, ஓனிகிரி ருசியாக இருக்குமே என்று சந்தோஷமாகவே உட்கார்ந்திருந்தாள். ஆப்பிளைக் கூப்பிட்டார்கள், வாழைப்பழத்தைக் கூப்பிட்டார்கள். ஓனிகிரியை யாரும் கூப்பிடவே இல்லை.

இந்தக் காட்சியில் நான் பல வருஷம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. தோருவுக்கு நாற்காலி இருந்தது! மற்ற பிள்ளைகள்தான் எழுந்து ஓடி, இடம் பறிகொடுத்து, திண்டாடிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் ஆட்டம் முடியும்வரை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனாலும் அந்த அறையில் இடம் இல்லாத ஒரே ஆள் இவள்தான்.

நாற்காலி வேறு, இடம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது, இபாஷோ. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. மாங்கா பழக்கமில்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

இருக்கும் இடம்

சொல்லைப் பிரித்தால் எளிது. பாஷோ என்றால் இடம். முன்னால் நிற்கும் இ என்பது 'இரு' என்ற ஜப்பானிய வினைச்சொல்லின் துண்டு. ஆமாம், ஒலியிலும் பொருளிலும் நம் 'இரு' மாதிரியேதான். இதை வைத்துக்கொண்டு யாரும் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம், நினைவில் வைக்கச் சுலபம் என்பதற்காகச் சொன்னேன். ஜப்பானிய மொழியில் இன்னொரு சங்கதி உண்டு. மனிதரோ விலங்கோ இருந்தால் 'இரு', மேசையோ புத்தகமோ இருந்தால் 'அரு' என்று வேறு வினை. ஆக இபாஷோ என்பதில் வரும் இருத்தல் உயிருள்ள ஒன்று இருப்பது. பொருளை வைக்கும் இடமல்ல.

அகராதியில் பார்த்தால் 'இருக்கும் இடம்' என்று சாதாரணமாகத்தான் போட்டிருக்கும். பேச்சில் அதற்கு ஏறிய கனம் வேறு. 'எனக்கு இபாஷோ இல்லை' என்று ஒரு ஜப்பானியப் பையன் சொன்னால் அவனுக்கு வீடு இல்லை என்று அர்த்தமில்லை. வீடு இருக்கும், தனி அறைகூட இருக்கும், வகுப்பில் பெஞ்சு இருக்கும், வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். எங்கே போய் உட்கார்ந்தாலும் 'நான் இங்கே இருக்கலாமா?' என்ற கேள்வி மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சொல் இப்படிக் கனத்துப் போனதில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகள் பிரச்சினை அங்கே 1980-களில் பெரிதாகப் பேசப்பட்டது. முன்னாள் ஆசிரியை ஓகுச்சி கெய்கோ 1985-ல் டோக்கியோவில் டோக்கியோ ஷூரே என்ற அமைப்பைத் தொடங்கினார், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் பகலில் வந்து சும்மாவாவது இருந்துவிட்டுப் போக ஓர் இடம். 1992-ல் கல்வி அமைச்சகத்தின் ஆய்வுக் குழு தந்த அறிக்கையின் தலைப்பிலேயே 'மனதின் இபாஷோ' என்ற சொல் ஏறிவிட்டது, அதாவது பள்ளி பிள்ளைகளின் மனதுக்கு இருப்பிடமாக இருக்க வேண்டும் என்று. அப்புறம் சொல் பள்ளியைத் தாண்டிப் பரவியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் மனைவி பின்னாலேயே சுற்றும் கணவர்களை அங்கே 'நனைந்த சருகு' என்று கேலி செய்வார்கள், பெருக்கினாலும் தரையோடு ஒட்டிக்கொண்டு போகாதாம். அவர்களுக்கு இல்லாததும் இபாஷோதான். 2023 டிசம்பரில் பிள்ளைகளுக்கான இபாஷோக்களை எப்படி உருவாக்குவது என்று ஜப்பானிய அமைச்சரவை ஒரு வழிகாட்டு ஆவணத்துக்கே ஒப்புதல் கொடுத்தது. ஒரு மனக்குறைக்கு வைத்த பெயர் அரசாணை வரைக்கும் போயிருக்கிறது.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் வந்ததுதான் நம் மாங்கா. தகாயா நட்சுகி என்ற பெண் ஓவியர் 1998-லிருந்து 2006 வரை 'ஹனா தோ யுமே' என்ற இதழில் தொடராக வரைந்தார். இதழின் பெயருக்கு மலரும் கனவும் என்று பொருள், பதின்ம வயதுப் பெண்களுக்கான இதழ், இந்த வகை மாங்காவை ஷோஜோ என்பார்கள். மொத்தம் 23 தொகுதிகள். 2001-ல் கோதான்ஷா மாங்கா விருது கிடைத்தது, அதே ஆண்டில் 26 பகுதி அனிமேவாகவும், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடராகவும், வந்தது. 2019 முதல் 2021 வரை மறுபடி முதலிலிருந்து, இந்த முறை கதை முழுவதையும் 63 பகுதிகளாக எடுத்தார்கள். 1998 ஜப்பானுக்கு மோசமான வருஷம். முந்தைய ஆண்டு யமாய்ச்சி போன்ற பெரிய பங்கு நிறுவனமே விழுந்திருந்தது, 1998 என்ற அந்த ஒரே வருஷத்தில் தற்கொலைகள் 24,000 சொச்சத்திலிருந்து 32,863-ஆக ஏறின. மாங்காவில் இதைப் பற்றி ஒரு வரிகூட வராது. ஆனால் வேலையும் கம்பெனியும்தான் தன் இடம் என்று நம்பியிருந்த ஒரு நாடு ஆட்டம் கண்ட நேரத்தில்தான் கூடாரத்தில் குடியிருக்கும் ஒரு பள்ளி மாணவியை நாயகியாக்கி ஒரு காதல் கதை ஆரம்பிக்கிறது என்பதை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

கூடாரமும் பூனையும்

கதைச் சுருக்கம் சொல்லிவிடுகிறேன். தோரு உயர்நிலைப் பள்ளி முதலாண்டு படிக்கிறாள். அப்பா கத்சுயா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார், அம்மா கியோகோ சமீபத்தில் கார் மோதி இறந்துவிட்டார். அப்பா வழித் தாத்தா வீட்டில் இருந்தவள், அந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதும் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று ஒரு கூடாரத்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு காட்டுப்பக்கமாக அடித்துக்கொள்கிறாள். பகலில் பள்ளி, அப்புறம் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை, ஏனென்றால் பள்ளிச் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். கூடாரத்தில் அம்மாவின் போட்டோ.

கூடாரம் அடித்த நிலம் சோமா என்ற பெரிய குடும்பத்துக்குச் சொந்தம். பக்கத்திலேயே அந்தக் குடும்பத்து எழுத்தாளர் ஷிகுரேவின் வீடு, அங்கே தங்கியிருக்கும் யுகி தோருவின் வகுப்புத் தோழன். மண் சரிந்து கூடாரம் புதைந்துபோக, இவளைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள். அடுத்து வந்து சேர்பவன் கியோ, வாசல் வழியாக அல்ல, கூரையைப் பிய்த்துக்கொண்டு. தடுமாறிய தோரு அவனைக் கட்டிப்பிடித்துவிட, கியோ பூனையாகிவிடுகிறான். சோமா குடும்பத்தில் சிலரை, வருஷத்துக்கு ஒரு விலங்கு என்று சுற்றிவரும் ஜப்பானிய ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளும் பூனையும் பிடித்திருக்கின்றன, எதிர்பாலினத்தவர் கட்டிப்பிடித்தால் உடனே விலங்காக மாறிவிடுவார்கள், கொஞ்ச நேரம் கழித்து உடை இல்லாமல் மனிதராகத் திரும்புவார்கள். முதல் தொகுதிகளில் சிரிப்புக்குக் குறைவே இல்லை.

பூனை ஏன் பதின்மூன்றாவது? பழைய கதை இது: கடவுள் விலங்குகளை விருந்துக்குக் கூப்பிட்டார், எலி பூனையிடம் விருந்து நாளை மறுநாள் என்று பொய் சொல்லிவிட்டது, பூனை தூங்கிப்போனது, ராசிச் சக்கரத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. சின்ன வயதில் அம்மா இந்தக் கதையைச் சொன்னபோது தோரு அழுதிருக்கிறாள். தான் நாய் வருஷத்தை விட்டுவிட்டுப் பூனை வருஷத்துக்காரியாகப் போவதாக அறிவித்திருக்கிறாள். கூடையில் இடமில்லாத சோற்று உருண்டை ஒரு பக்கம், விருந்தில் இடமில்லாத பூனை இன்னொரு பக்கம். காதல் எங்கே முளைக்கப்போகிறது என்று இப்போதே தெரிந்திருக்கும்.

வாடகை கொடுக்கிற பெண்

இபாஷோ என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே தொடங்கும் இன்னொரு ஜப்பானியச் சொல் இசோரோ. அடுத்தவர் வீட்டில் ஓசியில் ஒண்டியிருப்பவர் என்று பொருள். இசோரோவைப் பற்றி அங்கே ஒரு பழைய கிண்டல் கவிதை உண்டு, மூன்றாவது தடவை சோறு கேட்கும்போது மட்டும் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் நீட்டுவானாம். முதல் இரண்டு கிண்ணம் வரை தைரியம் இருக்கிறது, மூன்றாவதற்குத் தொண்டை அடைக்கிறது. கல்லூரிக் காலத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நானும் இப்படி இருந்திருக்கிறேன். அவர்கள் நல்லவர்கள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் இரண்டு வருஷத்தில் அந்த வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு தடவைகூடக் கேட்காமல் திறந்ததில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தே பார்ப்பேன். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்கிற பழமொழி ஒரு வகை ஆட்களுக்கு, இடம் கொடுத்தாலும் ஓரமாகவே உட்காரும் வகையும் உண்டு.

தோரு இரண்டாவது வகையின் உச்சம். ஷிகுரே வீட்டில் சமையல், துணி, பெருக்கல், எல்லாம் அவள்தான். யார் கவலைப்பட்டாலும் ஓடிப் போய் நிற்பாள், யார் எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பாள். முதல் முறை படிக்கும்போது, சரி, ஷோஜோ மாங்கா நாயகி என்றால் இப்படித்தான் தேவதை மாதிரி இருப்பாள் போல என்று நினைத்துக் கடந்துவிட்டேன். கொஞ்சம் எரிச்சலும் வந்தது. பின்னால் தகாயா ஓர் இடத்தில் அதைத் திருப்பிப்போடுகிறார். தோரு எல்லோரிடமும், பூனையிடம்கூட, அளவுக்கு மீறிய மரியாதையோடு பேசுவாள், நாம் வீட்டில் தம்பியை 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. அது அவளுடைய இயல்பு இல்லை, செத்துப்போன அப்பா அப்படித்தான் பேசுவார். அவர் இறந்த துக்கத்தில் அம்மா தன்னையும் விட்டுவிட்டு அவரோடு போய்விடுவாளோ என்று பயந்த சின்னக் குழந்தை, அம்மாவை இங்கேயே பிடித்து வைப்பதற்காக அப்பாவின் பேச்சை எடுத்து மாட்டிக்கொண்டது. அப்புறம் கழற்றவே இல்லை.

அதாவது அந்த மரியாதை ஒரு வாடகை. 'நான் உபயோகமாக இருக்கிறேன், என்னை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.' சமையல் வாடகை, புன்னகை வாடகை. வாடகை கட்டுகிற வரைக்கும் அது எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் இபாஷோ ஆகாது, ஒரு மாதம் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்ற பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும்.

அதனால்தான் எனக்கு அந்தக் காய்ச்சல் அத்தியாயம் பிடிக்கும். பரீட்சையில் கோட்டைவிட்ட கவலை, அதோடு காய்ச்சல், தோரு படுத்துவிடுகிறாள். சமைக்க முடியாது, வேலைக்குப் போக முடியாது, ஒன்றுக்கும் உபயோகமில்லை. வெடுவெடு என்று பேசும் கியோ கஞ்சி வைத்துக்கொண்டு வருகிறான், யுகி பாடம் சொல்லித் தருகிறான், வேலைக்கு அவளுக்குப் பதிலாக சோமா குடும்பத்து இன்னொரு பையன் மொமிஜி போகிறான். கதையில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. ஒரு பெண் வாடகை கட்டாத நாளில் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்னால் முதல் தொகுதிகளிலேயே அந்தப் பழைய நாற்காலி ஆட்டமும் திரும்பி வருகிறது. தாத்தா வீடு புதுப்பித்து முடிந்ததும் தோரு மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போய்விடுகிறாள். தாத்தா பாசக்காரர், ஆனால் அவளை அவளுடைய அம்மா பெயரால்தான் கூப்பிடுவார். மற்ற சொந்தக்காரர்களோ அவள் அம்மாவின் பழைய கதைகளைக் கிளறுகிறார்கள், ஆண்கள் இருக்கும் வீட்டில் தங்கினாயே என்று கூசவைக்கும் கேள்வி கேட்கிறார்கள். தாத்தாவுக்கே பொறுக்கவில்லை, உனக்கு எங்கே இருக்கப் பிடிக்கிறதோ அங்கே போ என்கிறார். தனக்கு என்ன வேண்டும் என்று தோரு வாய்விட்டுச் சொல்வது அந்த இடத்தில்தான், அழுதுகொண்டே, அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக ஆசை என்று. யுகியும் கியோவும் ஏற்கெனவே தேடி வந்து நிற்கிறார்கள். திரும்பும் வழியில் அவள் நினைவில் அந்த வகுப்பறை மறுபடி வருகிறது. வட்டமாக நாற்காலிகள், பிள்ளைகள். இந்தத் தடவை ஒரு குரல் ஓனிகிரியைக் கூப்பிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டத்தில் பெயரைக் கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும்? எழுந்து நாற்காலியை விட்டு ஓட வேண்டும். அப்படியென்றால் இடம் கிடைப்பது என்பது உட்காரக் கிடைப்பது இல்லை. எழுந்து ஓடினாலும் திரும்ப வந்து உட்காரலாம் என்ற நம்பிக்கை கிடைப்பது. நாம் வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். ஜப்பானியர்களும் அச்சு அசலாக அதையேதான் சொல்கிறார்கள், இத்தெகிமாஸ், போய்விட்டு வருகிறேன். திரும்பி வந்ததும் வாசலில் 'தடாய்மா' என்று குரல் கொடுக்க வேண்டும், உள்ளே இருப்பவர் 'ஒகாயெரி' என்று வரவேற்க வேண்டும். உள்ளே இருந்து அந்தப் பதில் வருகிற வீடுதான் இபாஷோ என்று சொன்னால் பாதி விளக்கம் முடிந்துவிடும்.

ஆரம்பத்தில் யார் சொல்ல வேண்டும்?

கிசா என்ற சின்னப் பெண் சோமா குடும்பத்தின் புலி. பள்ளியில் கேலி செய்து செய்து அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள், பள்ளிக்கும் போவதில்லை. அவள் வகுப்பாசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, நல்ல எண்ணத்தோடு எழுதியதுதான்: முதலில் நீ உன்னை நேசிக்கக் கற்றுக்கொள், உன்னையே உனக்குப் பிடிக்காவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் பிடிக்கும் என்ற தினுசில். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வருகிற அதே உபதேசம். யுகி அதைப் படித்துவிட்டுச் சொல்லும் பதில் இந்த 23 தொகுதிகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. வெறுத்து ஒதுக்கப்பட்டவளுக்குத் தன்னிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கும், எங்கிருந்து தேடி எடுப்பாள், யாராவது ஒருவர் உன்னைப் பிடிக்கும் என்று சொன்ன பிறகுதானே தன்னைத்தானே கொஞ்சம் பிடிக்க ஆரம்பிக்கும் என்கிறான். வார்த்தைக்கு வார்த்தை இல்லை, கருத்து இதுதான்.

இபாஷோவைப் புதிதாகத் தெரிந்துகொள்பவர்கள் சறுக்குவது இங்கேதான். 'உன் இடத்தை நீயே உருவாக்கிக்கொள்' என்று அதைத் தன்னம்பிக்கைப் பாடமாக்கிவிடுவார்கள். தனியாக உட்கார்ந்து உருவாக்க முடிகிற சமாச்சாரம் இல்லை அது. முதல் குரல் வெளியிலிருந்து வர வேண்டும். ஓனிகிரி தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ள முடியாது.

தோரு கியோவிடம் சொல்லும் ஓர் உவமையும் இதே கருத்துதான். ஓனிகிரியில் உமெபோஷி என்ற உப்பில் ஊறிய புளிப்புப் பழத்தை வைப்பார்கள், நமக்கு ஊறுகாய் மாதிரி. ஒவ்வொரு மனிதரின் நல்ல குணமும் ஓனிகிரியின் முதுகில் ஒட்டிய உமெபோஷி என்று வைத்துக்கொண்டால், அடுத்தவர் முதுகில் இருப்பது நன்றாகத் தெரியும், தன் முதுகில் இருப்பது தனக்குத் தெரியாது. எனக்கு ஒன்றுமே இல்லை, வெறும் சோறு என்று தோன்றும். கியோவுக்கு யுகியின் மீது தீராத பொறாமை, கியோவின் முதுகிலும் அருமையான உமெபோஷி இருக்கிறது என்று தோரு சொல்கிறாள். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, உன் முதுகிலும் ஒன்று இருக்கிறது என்று கியோ அவளுக்குச் சொல்கிறான். தோரு திரும்பித் திரும்பித் தன் முதுகைப் பார்க்கிறாள். காதல் மாங்காவில் நான் படித்த நல்ல காதல் வசனம் இதுதான், இத்தனைக்கும் காதல் என்ற சொல்லே அதில் இல்லை.

இடம் சிறையாகும்போது

இனி வருவது கதையின் முடிச்சுகளைக் கொஞ்சம் அவிழ்க்கும், அப்படியே படிக்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

சோமா குடும்பத்தாருக்கு ஒரு விதத்தில் பிறக்கும்போதே இடம் உறுதி. ராசி விலங்குகள் எல்லாம் குடும்பத் தலைமையான அகிதோவோடு கட்டுண்டவர்கள், அகிதோதான் பழைய கதையின் கடவுள் ஸ்தானம். அந்தக் கட்டுக்கு ஜப்பானிய மொழியில் கிஸுனா, பந்தம். அகிதோ தாய் வயிற்றில் இருக்கும்போதே மூத்த விலங்குகள் ஓடி வந்து காரணம் புரியாமல் அழுதார்கள். தேடவே வேண்டாம், யாரும் கூப்பிடவும் வேண்டாம், ரத்தத்திலேயே எழுதிய இடம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் யுகியைச் சிறு வயதில் இருட்டறையில் அடைத்துப்போட்டது அந்தப் பந்தம்தான். பூனை ராசியில் பிறந்தவனைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு கட்டடத்தில் வாழ்நாள் முழுக்கப் பூட்டி வைப்பதும் அதே பந்தத்தின் பெயரால்தான். வெளியே ஒருத்தனைக் கேவலமாக வைத்திருந்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் நிலைமை தேவலை என்று தோன்றுமே, அதற்கு ஒரு பூனை வேண்டியிருக்கிறது.

கடைசித் தொகுதிகளில் தகாயா அந்த விருந்துக் கதையையே வேறு மாதிரி சொல்கிறார், இதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. மனிதர்களிலிருந்து வேறுபட்டிருந்ததால் மலையில் தனியாக ஒடுங்கிக் கிடந்த கடவுளைத் தேடி முதலில் வந்தது பூனைதான். அப்புறம்தான் மற்ற விலங்குகளும் விருந்துகளும். பூனை சாகக் கிடந்தபோது, இந்த உறவு எத்தனை பிறவியானாலும் தொடரட்டும் என்று கடவுள் ஒரு பந்தம் போடுகிறார். எல்லா விலங்குகளும் சரி என்றன. பூனை மட்டும் வேண்டாம் என்றது, முடிவு வந்தால் வரட்டும், அதையும் ஏற்றுக்கொள்ளலாம் என்றது. அது துரோகமாகத் தெரிந்தது, பூனையை ஒதுக்கினார்கள். ஏமாந்து தூங்கிப்போன பூனை என்று நாம் பாவப்பட்டுக்கொண்டிருந்தோம், அது உண்மையில் நிரந்தர நாற்காலியை வேண்டாம் என்று சொன்ன பூனை.

அதனால்தான் சாபம் விலகும்போதும் அவர்கள் முதலில் அழுகிறார்கள். எப்போதும் குதித்துக்கொண்டிருக்கும் மொமிஜிகூட விடுபட்ட கணத்தில் அழுகிறான். வெளியே போக முடியாத இடத்துக்குப் பெயர் இபாஷோ இல்லைதான், ஆனால் அதைவிட்டு வெளியே வருவதும் சும்மா இல்லை, கை கால் உதறும். அகிதோவின் பக்கம் போனால் இன்னும் பரிதாபம். பிறந்ததே நேசிக்கப்படத்தான் என்று அப்பா சொல்லிவிட்டுப் போன ஒரு பிள்ளை, அந்த அப்பாவின் ஆன்மா இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பெட்டியைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறது. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை.

கியோவும் தோருவும் கடைசியில் அந்த வீட்டிலேயே தங்கிவிடவும் இல்லை. கியோ வேறோர் ஊரில் ஒரு டோஜோவில் தற்காப்புக் கலை பயிலப் போகிறான், தோருவும் கூடவே. எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று அழுதாளோ அதிலிருந்தே மூட்டை கட்டுகிறாள், இந்த முறை யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதற்காக இல்லை.

படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் 1998-ல் தொடங்கிய மாங்கா என்பதை மறக்காமல். முதல் தொகுதிகளின் படங்கள் பழைய பாணி, முகத்தில் பாதி கண்தான் இருக்கும், போகப்போகக் கோடுகள் மெலிந்து நன்றாகிவிடும். ககுரா என்ற பெண் காதலின் பெயரால் கியோவை அடித்துத் துவைப்பதைச் சிரிப்பாக வைத்திருக்கிறார்கள், இன்று சிரிப்பு வரவில்லை. ஷிகுரே பள்ளி மாணவிகளைப் பற்றி அடிக்கும் ஜோக்குகளும் அப்படியே. தோருவின் அப்பா பயிற்சி ஆசிரியராக இருந்தபோது அம்மா அவருடைய பள்ளி மாணவி என்பது எனக்கு எத்தனை தடவை படித்தாலும் நெருடுகிறது, கதையோ அதை ரொம்ப இனிமையாகக் கடந்துபோகிறது. அகிதோவை எல்லோரும் மன்னித்த வேகமும் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன், ரின் என்ற குதிரைப் பெண் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்க மறுப்பதால் கதை தப்பித்தது.

இதுவரை மாங்காவே படித்ததில்லை என்றால் ஒன்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும், புத்தகத்தை நமக்குக் கடைசிப் பக்கம் என்று தோன்றும் பக்கத்திலிருந்து திறந்து கட்டங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், நாலு பக்கத்தில் பழகிவிடும். ஆங்கில மொழிபெயர்ப்பு 2004-லிருந்து கிடைக்கிறது, பிறகு 12 தடித்த தொகுதிகளாகச் சேர்த்தும் வெளியிட்டிருக்கிறார்கள். படிக்க நேரமில்லாதவர்கள் 2019-ல் தொடங்கிய அனிமேயைப் பார்க்கலாம், 2001-ல் வந்தது பாதிக் கதையிலேயே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை, இதைப் பசியோடு படிக்காதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் யாராவது சோறு பிடித்துக்கொண்டே இருப்பார்கள். ஓனிகிரி கிடைக்காவிட்டால் தயிர்சாதத்தை உருட்டி வைத்துக்கொள்ளலாம். நாரத்தங்காய் ஊறுகாயை மட்டும் பின்பக்கமாக வைக்கவும்.